செலவில்லாத உடற்பயிற்சி: உறுப்பினர்களின் கேள்விகளும் ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: தினமும் 10,000 அடி நடந்தால்தான் பயன் உண்டா? என்னால் 6,000 அடியைத் தாண்ட முடிவதில்லை.

பதில்: அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றுக்கு ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மானி, என்று பெயர் வைத்தார்கள்; அந்த விற்பனைப் பெயரே பிற்பாடு உலகெங்கும் இலக்காகிவிட்டது. தாங்கள் நடக்கும் 6,000 அடியே நல்ல அளவுதான்.

கேள்வி: காலை முதல் இரவு வரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கவே முடியவில்லை.

பதில்: லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்டார். அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்யவில்லை, தங்கள் வேலையைத்தான் செய்தார்கள் என்பதே உங்களுக்கான விடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், அதைப் பத்துப் பத்து நிமிடமாகவாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது. ஆகவே, துணி வெட்டுவதையும் இஸ்திரி போடுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிடாமல், தையலுக்கு இடையிடையே எழுந்து நின்று செய்யும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்கினால், கெண்டைக்கால் தசை சுருங்கி, காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளும். மாலையில் கால் கனப்பதும் குறையும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68, சர்க்கரை நோய் உண்டு. அவர் எப்போது நடப்பது நல்லது? பூங்காவின் கூழாங்கல் பாதையில் வெறுங்காலுடன் நடக்கலாமா?

பதில்: சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு வாசலிலேயே நடந்தால் போதும். உணவிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் ஏறும் அந்த நேரத்தில், இயங்கும் தசைகள் அதை எடுத்துச் செலவழித்துவிடும். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும் என்பதால் கையில் இனிப்பு வைத்திருக்கட்டும். கூழாங்கல் பாதை வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் கல் குத்தியது தெரியாமல் போய், புண் ஆழமான பின்பு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காலை ஆறு மணி வெயிலில் வைட்டமின் டி கிடைக்குமா?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. அதற்குரிய புறஊதாக் கதிர் சூரியன் மேலேறிய பிறகுதான் போதிய அளவில் தரையை எட்டும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்தாலும் பயனில்லை.

கேள்வி: எழுந்தவுடன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்களே?

பதில்: கட்டாயமில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால், குடிக்கும் தண்ணீர் போதுமானதே. சிறுநீரக நோயோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்கள் மருத்துவர் குறித்த அளவை மீறவே கூடாது.