அமீனாவின் காகிதமும் ஐஸ்காரரின் காகிதமும்

கண்ணு, முந்தாநாள் சாயங்காலம் நீயும் அம்மாவும் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது மூன்று கேள்வி கேட்டாய். அமெரிக்காவின் குடிவரவு, சுங்க அமலாக்கத் துறையை ஐஸ் என்கிறார்களே, அவர்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது? கதவைத் தட்டினால் திறந்தே ஆக வேண்டுமா? விசா சரியாக இருக்கும் மாணவனுக்கு அவர்களோடு என்ன சம்பந்தம்? பேசிக்கொண்டிருக்கும்போதே மூணு பேஸ் கரண்டு வந்துவிட்டதால் மோட்டார் போட எழுந்து போனேன். ஆடி பதினெட்டு கழிந்ததும் நீ டல்லாஸ் கிளம்புகிறாய். அதனால் மீதியை எழுதியே தருகிறேன்.

கடைசிக் கேள்வியை நீ லேசாகக் கேட்டாய். எனக்கு அதுதான் முக்கியம். உன் கையில் இருக்கும் ஐ-20 தாளை, அதாவது மாணவ விசாவுக்கு அடிப்படையான சேர்க்கைச் சான்றை, கொடுத்தது பல்கலைக்கழகம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணினிப் பதிவேட்டுக்கு செவிஸ் என்று பெயர். அதை நடத்தும் மாணவர் பிரிவு ஐஸுக்குள்ளேயே இருக்கிறது. நீ எத்தனை பாடம் எடுக்கிறாய், எங்கே குடியிருக்கிறாய், எப்போது வேலைக்குப் போகிறாய் எல்லாம் அதில் ஏறும். அதனால் விமானம் ஏறும் முன்பே உன் பெயர் அவர்களிடம் இருக்கிறது. இது பயமுறுத்தச் சொல்வதில்லை. நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்த பையன்கள்தான் நான் பார்த்தவரை சிக்கலில் மாட்டினார்கள்.

நான் 2001 ஆகஸ்டில் டெக்சாஸ் போனபோது ஐஸ் என்ற பெயரே கிடையாது. ஐ.என்.எஸ். என்ற ஒரே துறைதான் விண்ணப்பம், எல்லைக் காவல், பிடித்து அனுப்புவது எல்லாவற்றையும் பார்த்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 நவம்பர் 25 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 2003 மார்ச் 1-ல் ஐ.என்.எஸ். கலைந்தது. விண்ணப்பங்கள் யு.எஸ்.சி.ஐ.எஸ். பக்கம் போயின, எல்லையும் விமான நிலையமும் சி.பி.பி. பக்கம் போயின, நாட்டுக்குள் தேடுவதும் பிடிப்பதும் அனுப்புவதும் ஐஸுக்கு வந்தன. ஆனால் பிடிக்கும் அதிகாரம் அப்போது புதிதாக வந்ததில்லை. அது 1952-ஆம் வருஷத்துக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 287-ஆம் பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டவர் என்று நம்பும் ஒருவரிடம், இங்கே இருக்க உரிமை உண்டா என்று வாரண்ட் இல்லாமலே விசாரிக்கலாம். விதியை மீறியிருக்கிறார், வாரண்ட் வாங்குவதற்குள் தப்பிவிடுவார் என்று நம்பக் காரணம் இருந்தால் கைதும் செய்யலாம். 1996-ல் அதே பிரிவில் 'ஜி' என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். ஒப்பந்தம் போட்டுக்கொண்ட உள்ளூர் போலீசும் ஷெரீஃபும் இந்த வேலையைச் செய்ய அதுதான் வழி திறந்தது. அதனால் கார் ஓட்டும்போது சின்னத் தப்பு செய்து நின்றால்கூட அது டிராஃபிக் போலீசோடு முடிந்துவிடும் என்று நினைக்காதே.

சரி, கதவு விஷயம். நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்குப் பல்லடத்தில் பத்துத் தறி ஓடியது. நூல் விலை ஏறி, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. ஒரு நாள் ஃபைனான்ஸ்காரர் ரெண்டு ஆளோடு வந்து, தறியைக் கழற்றப் போகிறேன் என்று ஒரு நோட்டீசை நீட்டினார். அப்பா தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்து வாசலை மறித்து நின்று, அதை மேலிருந்து கீழே வரை படித்தார். "இதுல கோர்ட் முத்திரை இல்லீங்க. வெளியவே பேசிக்கலாங்க" என்றார். நாலு மாசம் கழித்துக் கோர்ட் அமீனா ஜப்தி உத்தரவோடு வந்தார். அப்பா அதையும் படித்தார். அப்புறம் தானே பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

அமெரிக்காவிலும் அதே மாதிரி ரெண்டு காகிதம் உண்டு. ஐ-200, ஐ-205 என்ற எண் போட்ட வாரண்டுகளில் கையெழுத்துப் போடுவது குடிவரவு அதிகாரி. தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று இருக்கும். ஃபைனான்ஸ் நோட்டீசைப் போல அதை வெறும் தாள் என்று தள்ளிவிட முடியாது, ரோட்டில் வைத்துக் கைது செய்ய அது செல்லும். ஆனால் உன் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய நீதிமன்ற நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும் என்பதுதான் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை வைத்து நெடுங்காலமாக இருந்து வரும் நிலை. இறுதி வெளியேற்ற உத்தரவு உள்ளவர்கள் வீட்டுக்குள் ஐ-205-ஐ வைத்தே போகலாம் என்று ஐஸ் அண்மையில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. வழக்கறிஞர்கள் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். நீ செய்ய வேண்டியது இதுதான்: கதவைத் திறக்காமல், தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல். கோர்ட் பெயரும் நீதிபதி கையெழுத்தும் இருக்கிறதா, உன் பெயரும் முகவரியும் சரியா என்று பார். அவர்கள் உள்ளே வந்துவிட்டால் கையை நீட்டித் தடுக்காதே, ஓடாதே. "நான் சம்மதிக்கவில்லை, வக்கீலோடு பேச வேண்டும்" என்று மட்டும் சொல். வக்கீல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் செலவு உன்னுடையது. இந்தியத் தூதரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லியும் கேட்கலாம். டெக்சாசுக்கு அது ஹூஸ்டனில் இருக்கிறது.

காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்று அம்மா கேட்டார். ஆமாம். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று அதே 1952 சட்டம் சொல்கிறது. உனக்கு அது ஐ-94, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு. நான் போன காலத்தில் அது பாஸ்போர்ட்டில் பின் அடித்த வெள்ளை அட்டை. கனடா எல்லைப் பக்கம் போன ஒரு ரயிலில், நடுராத்திரி டார்ச் லைட்டோடு சீருடைக்காரர்கள் ஏறினார்கள். என் பாஸ்போர்ட் ரூமில் இருந்தது. இறக்கிவிட்டு, ஒரு பெஞ்சில் மூணு மணி நேரம் உட்கார வைத்து, விவரம் சரிபார்த்து அனுப்பினார்கள். பனியில் அந்த ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது எனக்குக் கை நடுங்கியது குளிரால் மட்டும் இல்லை. இப்போது ஐ-94-ஐ இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஊருக்குள் அதன் அச்சுப் பிரதியும் ஐ-20 நகலும் பையில் இருக்கட்டும். வெளியூர் போனால் அசல் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லிவிடு.

நம்ம ஊர்க்காரர் கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு வேலை இருக்கிறது என்றாயே, அதை விட்டுவிடு. முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை கிடையாது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை செய்யலாம். சேர்ந்த நாளிலிருந்தே வேலை, வகுப்பே இல்லை என்று எந்தக் கல்லூரியாவது ஆசை காட்டினால் ஃபார்மிங்டன் பெயரை நினைத்துக்கொள். மிச்சிகனில் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தை ஐஸின் புலனாய்வுப் பிரிவே போலியாக நடத்தியது. ஆசிரியர் கிடையாது, வகுப்பும் கிடையாது. 2019 ஜனவரியில் அது வெளியே வந்தபோது சேர்ந்திருந்தவர்கள் சுமார் 600 பேர், பெரும்பாலும் நம் நாட்டுப் பிள்ளைகள். வலை விரித்தது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் போனது அந்தப் பிள்ளைகளின் படிப்புதான்.

இன்னொன்று. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவையும் சேர்த்துக் கேட்பார்கள். அவசரத்தில் டிக் அடித்துவிடாதே. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் அநேகமாக ஆயுசுக்கும் கதவு மூடிவிடும், தெரியாமல் செய்தேன் என்றால் எளிதில் விடமாட்டார்கள்.

அம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "எம் பையனையும் அப்படிச் சங்கிலி போட்டுருவாங்களாங்ணா?" என்றார். 2025 பிப்ரவரி 5-ல் அமெரிக்கா வெளியேற்றிய 104 இந்தியர்களைச் சங்கிலி போட்டு ராணுவ விமானத்தில் கொண்டு வந்து அமிர்தசரசில் இறக்கியதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வந்த பாதை வேறு, உன் பாதை வேறு என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை திடீரென்று முடித்துவிட்டார்கள். பழைய டிராஃபிக் வழக்கு, தள்ளுபடியான வழக்கு என்று அற்பக் காரணங்களும் அதில் இருந்தன. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நீதிபதிகள் தடை கொடுத்தார்கள், மாசக் கடைசியில் அரசே பதிவுகளைத் திரும்பச் சேர்த்தது. ஜூலை 4-ல் வந்த நிதிச் சட்டம் காவல் முகாம்களுக்கு மட்டும் சுமார் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. அதனால் கெடுபிடி குறையும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஞாயிறு காலை வா. ஐ-20-ஐயும் எடுத்து வா, ரெண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து எங்கே வாங்க வேண்டும் என்று காட்டுகிறேன். அம்மாவையும் கூட்டி வா. பாஸ்போர்ட் எண், செவிஸ் எண், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் போன் எண் மூன்றையும் அவர் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.