ஆயில் பெயின்டில் நிறங்கள் சேறாவது ஏன்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஆயில் பெயின்டில் வரைகிறேன். 19-ஆம் நூற்றாண்டு பிரான்சின் ஓவியர்கள் மோனே, பிஸ்ஸாரோ போல, ஒளியைத் தனித்தனித் தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிஸ பாணியில் இயற்கைக் காட்சிகள் வரைய ஆசை. தொடங்கும்போது நிறங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் சாம்பலும் பழுப்புமாகச் சேறு போல ஆகிவிடுகிறது. விலை உயர்ந்த பெயின்ட் வாங்க வேண்டுமா? கறுப்பைப் பயன்படுத்துவதுதான் காரணமா?

பதில்: தொடங்கும்போது நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் முதல் குற்றவாளி பெயின்ட் அல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் பிரஷ் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இது: ஒரு தீற்றல் வைக்கிறோம், திருப்தி வரவில்லை, அதன் மேலேயே மறுபடி தேய்க்கிறோம். அடியில் ஈரமாக இருக்கும் நிறம் கிளம்பி மேலே வருகிறது. பிரஷ் அதையும் சுமந்துகொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. வானத்தின் நீலம் மரத்துக்குள்ளும், மரத்தின் பச்சை மண்ணுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. பத்துப் பதினைந்து தீற்றல்களுக்குப் பிறகு, எங்கே தொட்டாலும் ஐந்தாறு நிறமிகள் (பெயின்டுக்கு நிறம் தரும் பொருட்கள்) கலந்த ஒரே கலவைதான் கையில் இருக்கும்.

கலந்தால் ஏன் மங்குகிறது? ஒவ்வொரு நிறமியும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இன்னொரு நிறமி சேர்ந்தால் அது வேறொரு பகுதியை விழுங்கும். எதிர்நிறங்களான சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தால் திருப்பி அனுப்ப ஒளியே அதிகம் மிஞ்சாது. நீங்கள் இரண்டு நிறங்களைத்தான் கலக்கிறேன் என்று நினைக்கும்போதே மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கலாம். அல்ட்ராமரின் நீலம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அடர் காட்மியம் மஞ்சளும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் கலந்தால் அந்தச் சிவப்பு உள்ளே புகுந்து பச்சையை மங்க வைக்கும். தாலோ நீலத்தையும் லெமன் மஞ்சளையும் கலந்து பாருங்கள், பளிச்சென்ற பச்சை வரும். மங்கலான பச்சையும் வேண்டியதுதான், பல மரங்களுக்கு அதுவே சரியானது. ஆனால் அது நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், தானாக வந்து மாட்டிக்கொண்டதாக இருக்கக்கூடாது.

விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லா டியூபையும் மாற்ற வேண்டாம். டியூபின் பின்புறம் சிறிய எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும்: அல்ட்ராமரினுக்கு பி.பி. (PB) 29, தாலோ நீலத்துக்கு பி.பி. 15 என்பது போல. ஒரே குறியீடு இருந்தால் ஒரே நிறமி. இரண்டு, மூன்று குறியீடுகள் இருந்தால், அல்லது பெயருடன் 'ஹியூ' என்று சேர்த்திருந்தால், அது பெரும்பாலும் ஏற்கெனவே கலந்து வந்தது. அதை இன்னொரு கலவையோடு சேர்க்கும்போது எண்ணிக்கை கூடிவிடுகிறது. ஒற்றை நிறமி டியூப்கள் ஆறு இருந்தால் போதும். மோனே 1905-ல் தன் பேலட்டில் (நிறம் கலக்கும் பலகையில்) என்னென்ன நிறங்கள் என்று கேட்டவர்களுக்கு வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை என்று மட்டுமே சொன்னார்.

இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்கே தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் சேற்றில் இறங்குகிறார்கள். மஞ்சளையும் நீலத்தையும் அருகருகே வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணில் பச்சை உருவாகும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். உருவாகாது. சிறு புள்ளிகளாக அருகருகே இருக்கும் நிறங்கள் கண்ணில் சராசரியாகின்றன. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் சராசரி ஏறக்குறைய சாம்பல். மோனேயும் பிஸ்ஸாரோவும் பச்சை வேண்டுமென்றால் விரிடியன் போன்ற பச்சையையே எடுத்தார்கள், அல்லது பேலட்டில் கலந்தார்கள். புள்ளிகளை ஒரு முறையாகவே வளர்த்தவர் அடுத்த தலைமுறை பிரெஞ்சு ஓவியர் சோரா. 1884-க்கும் 1886-க்கும் இடையில் அவர் வரைந்த கிராண்ட் ஜாட் தீவு ஓவியம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அதில் புல்வெளிக்குப் பச்சையைத்தான் அடிப்படையாக வைத்தார். அதன்மேல் வெயிலுக்கான மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகளைச் சேர்த்தார். அவர் பயன்படுத்திய ஜிங்க் மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறத் தொடங்கியது தனி சோகம்.

அப்படியானால் தீற்றல்களைத் தனித்தனியாக வைப்பதால் என்ன லாபம்? பாரிஸின் கோப்லான் ஜவுளிக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரெல் இதற்கு விடை கண்டுபிடித்தார். கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை; பக்கத்தில் இருந்த நிறங்களால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தின்மேல் தன் எதிர்நிறத்தைச் சாயலாக ஏற்றுகிறது என்பதை 1839-ல் நூலாக வெளியிட்டார். பின்னால் வந்த ஓவியர்கள் அதை நெருக்கமாகப் பின்பற்றினார்கள். உங்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்: ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்த சாதாரண சாம்பல், நீலமாகத் தெரியும். அதாவது சாம்பல் எதிரியல்ல. கேன்வாஸ் முழுவதும் ஒரே சாம்பலாக இருந்தால்தான் சேறு. நாலைந்து தெளிவான நிறங்களுக்கு நடுவே வைத்த சாம்பல் அந்த நிறங்களைத் தூக்கிக் காட்டும். எனக்கு இதுதான் இந்தப் பாணியின் மிக அழகான பகுதி.

இன்னொரு கதையும் உண்டு, இம்ப்ரெஷனிஸ ஓவியம் என்றால் ஒரே அமர்வில், ஈரத்தின்மேல் ஈரமாக முடிப்பது என்று. சில அப்படித்தான். ஆனால் மோனே பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்த 30-க்கும் மேற்பட்ட கேன்வாஸ்களை 1892, 1893 ஆண்டுகளில் அங்கே தொடங்கி, வீட்டு ஸ்டுடியோவில் 1894-ல்தான் முடித்தார். காய்ந்த பெயின்டின் மேல் கெட்டியான பெயின்டை வறட்டு பிரஷ்ஷால் இழுத்திருப்பதால்தான் கல்லின் சொரசொரப்பு கிடைத்தது. காய்ந்த அடுக்கு மேலே வராது, அதனால் கலங்காது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள்: ஈரமாக இருக்கும்போது ஒரு தீற்றலை வைத்துவிட்டு அதை விட்டுவிடுங்கள், திருத்தியே ஆக வேண்டுமென்றால் காயும்வரை காத்திருங்கள். நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான நேரத்தில் தேய்ப்பதுதான் கெடுக்கிறது. அடுக்கு அடுக்காகப் போகும்போது கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் விரிசல் வரும்.

கறுப்பு பற்றி: அதைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியமில்லை. மானே (மோனே அல்ல, அவர் காலத்து இன்னொரு ஓவியர்) கறுப்பைக் கொண்டு அற்புதங்கள் செய்தார். நிழலென்றால் அந்தப் பொருளின் நிறத்தோடு கறுப்பைக் கலப்பது என்ற பழக்கத்தை மட்டும் விடுங்கள். திறந்த வெளியில் நிழலுக்குள் வெயில் வராது, வானத்தின் ஒளி வரும். அதனால்தான் மோனேயின் 'மேக்பை' பனிக்காட்சியில் நிழல்கள் நீலமாக இருக்கின்றன. கறுப்பைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது வெள்ளையை. இன்று டியூபில் வரும் டைட்டானியம் வெள்ளை மிக வலுவானது. அவர்கள் காலத்தில் அது கிடையாது. ஈய வெள்ளையை வைத்திருந்தார்கள், அது இவ்வளவு மூடாது. வெளிச்சம் வேண்டும் என்று டைட்டானியத்தைக் கொட்டினால் நிறம் குளிர்ந்து சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிடும். வெயில் படும் இடத்தில் வெள்ளையைக் குறைத்து, ஒரு துளி மஞ்சளோ ஆரஞ்சோ சேருங்கள்.

அப்புறம், சேறு என்று நாம் சொல்வது பல சமயம் நிறப் பிரச்சினையே அல்ல, வெளிச்சம்-இருட்டு அளவின் பிரச்சினை. ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே நடுத்தரச் சாம்பலாக இருந்தால், எந்த நிறம் போட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும். மோனே இந்த விதியை ஒருமுறை உடைத்தார்: 1872-ஆம் ஆண்டுச் சூரியோதய ஓவியத்தில் ஆரஞ்சுச் சூரியன் சுற்றியுள்ள வானத்தின் அதே வெளிச்ச அளவில் இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். அந்தச் சூரியன் நடுங்குவது போலத் தெரிவதற்கு அதுவே காரணம். நீங்கள் முதலில் கண்ணைச் சுருக்கிக் காட்சியைப் பார்த்து, மூன்று அளவாகப் பிரியுங்கள்: வெளிச்சம், நடு, இருட்டு. பிறகு நிறத்துக்குப் போங்கள்.

வேலை செய்யும்போது மூன்று பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு, மஞ்சள் போன்ற சூடான நிறங்களுக்கு ஒன்று, நீலம் போன்ற குளிர்ந்தவற்றுக்கு ஒன்று, மிக வெளிர் நிறங்களுக்கு ஒன்று. இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு தீற்றலுக்கும் முன் துணியால் துடையுங்கள். டர்பன்டைனில் அலசிய பிரஷ்ஷை ஈரத்தோடு திரும்ப வைக்காதீர்கள். அந்த அழுக்குத் திரவமும் நிறத்தைக் கெடுக்கும். கலவையைப் பேலட்டில் பேலட் நைஃபால் (மழுங்கிய சிறு கரண்டிக் கத்தியால்) செய்து, போதிய பெயின்டோடு வையுங்கள். பெயின்டைச் சிக்கனப்படுத்தினால் தேய்க்கத்தான் தோன்றும்.

இப்போது சேறாகிக் கிடக்கும் கேன்வாஸில், ஈரமாக இருந்தால் கெட்டுப்போன பகுதியை மட்டும் நைஃபால் வழித்தெடுங்கள். துணியால் லேசாக ஒற்றினால் மெல்லிய சாயல் மிஞ்சும். காய்ந்ததும் அதன்மேல் புதிய தீற்றல்களை வையுங்கள். அந்தச் சாம்பல் சாயலை இடையிடையே எட்டிப்பார்க்க விடுங்கள்.