போலீஸ் பணத்தைத் திருப்பிவிடலாமா? 911 அறையிலிருந்து பதில்கள்

அமெரிக்க நகரம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்தேன். அப்புறம் அதே நகரத்தின் பட்ஜெட் பிரிவில் உட்கார்ந்தேன். போலீஸுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை மனநலம், இளைஞர் வேலை போன்றவற்றுக்குத் திருப்பலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

மேடம், 'டிஃபண்ட் தி போலீஸ்' (போலீஸுக்கான நிதியை நிறுத்து) என்றால் போலீஸே வேண்டாம் என்பதுதானே? – கவிதா

சிலர் அப்படித்தான் சொன்னார்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு அந்தக் கோஷம் நாடெங்கும் பரவியது. ஒரு தரப்பு துறையையே கலைக்கச் சொன்னது. இன்னொரு தரப்பு, போலீஸுக்குப் பொருந்தாத வேலைகளைப் பிரித்து, அதற்கான காசையும் சேர்த்து வேறு ஆட்களிடம் கொடு என்றது. இரண்டும் ஒரே கோஷத்துக்குள் மாட்டிக்கொண்டன. அது மோசமான கோஷம் என்பது என் எண்ணம். அதே ஆண்டு கேலப் கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் போலீஸ் இப்போது போலவோ இன்னும் அதிகமாகவோ இருக்கட்டும் என்று கறுப்பினத்தவரில் 81 சதவீதம் பேர் சொன்னார்கள்.

911க்கு அப்படி என்ன அழைப்புதான் வரும்? எல்லாம் திருட்டு, துப்பாக்கிதானே? – பிரகாஷ்

ஒரு டிசம்பர் இரவு. காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்காரர் அழைக்கிறார்: "ஒருத்தர் டிரையர் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறார், போக மாட்டேன் என்கிறார்." என்னிடம் இருந்தது மூன்றே வழி: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ். தீ இல்லை, காயம் இல்லை. அப்புறம் யாரை அனுப்புவேன்? ஆயுதத்தோடு இருவர் போனார்கள். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது சூடு. வந்த அதிகாரி பொறுமைசாலி, பேசியே கிளப்பி, வீடில்லாதவர்கள் இரவில் தங்கும் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

எல்லா இரவும் அப்படி முடியாது. 2020 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் டேனியல் ப்ரூட் என்பவர் மனம் தடுமாறி வீட்டை விட்டு ஓடியபோது உதவி கேட்டு 911ஐ அழைத்தது அவருடைய அண்ணன்தான். போலீஸ் அவரைத் தரையில் அழுத்திப் பிடித்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் போலீஸ் துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பேர் பலியாகிறார்கள். வாஷிங்டன் போஸ்ட் தொகுத்த கணக்கில், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருந்தது.

சரி, மாற்று ஏற்பாடு எங்காவது உருப்பட்டிருக்கிறதா? – சலீம்

டென்வரில் 2020 ஜூனில் 'ஸ்டார்' என்று ஒரு வேன் கிளம்பியது. உள்ளே ஒரு மனநலப் பணியாளர், ஒரு பாராமெடிக் (அவசர மருத்துவ உதவியாளர்), அவ்வளவுதான். முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள். ஒருவரும் கைதாகவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, வேன் ஓடிய பகுதிகளில் சில்லறைக் குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்தன. அத்தகைய ஒரு குற்றத்தைக் கைது, வழக்கு என்று கொண்டுபோனால் சுமார் 646 டாலர் செலவு, வேன் வழியில் 151 என்றும் மதிப்பிட்டார்கள்.

எல்லோரும் உதாரணம் காட்டும் 'கஹூட்ஸ்' என்ற இதே மாதிரிச் சேவை, ஓரிகான் மாநிலத்தின் யூஜினில் 1989இல் தொடங்கியது. நகரத்தின் அழைப்புகளில் 17 சதவீதத்தை அதுவே கவனிக்கிறது என்று பரவலாகச் சொன்னார்கள். அந்த ஊர் போலீஸ் கணக்குப் பார்த்து, போலீஸின் கையிலிருந்து உண்மையில் விலகியது 5 முதல் 8 சதவீதம்தான் என்றது. மீதி பெரும்பாலும் போலீஸ் எப்படியும் போகாத அழைப்புகள். எனக்கு அந்தச் சின்ன எண்தான் நம்பும்படி இருக்கிறது, அதுவே போதும் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சேவை 2025 ஏப்ரலில் யூஜினில் நின்றுபோனது. காரணம் பணம். முப்பத்தைந்து ஆண்டுப் பெயர் இருந்தும், பட்ஜெட்டில் நிரந்தர இடம் இல்லாவிட்டால் இந்த கதிதான்.

போலீஸைக் குறைத்தால் கொலைகள் கூடாதா? நேரடியாகச் சொல்லுங்கள். – ரமேஷ்

கூடும். கூடுதலாக 10 முதல் 17 அதிகாரிகள் இருந்தால் ஆண்டுக்கு ஒரு கொலை தடுக்கப்படுகிறது என்று ஆரன் சால்ஃபின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் கண்டார்கள். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அந்தப் பலன் கறுப்பினத்தவருக்கு இரட்டிப்பு. அதே ஆய்வில், ஆட்கள் கூடினால் அற்பக் குற்றங்களுக்கான கைதுகளும் கூடுகின்றன, அந்தச் சுமையும் கறுப்பினத்தவர்மீதே அதிகம் விழுகிறது. பணத்தைத் திருப்பச் சொல்லும் என் தரப்பு ஆட்களுக்கு முதல் பாதி பிடிக்காது, எதிர்ப்பக்கத்துக்கு இரண்டாவது பாதி.

2020இல் கொலைகள் சுமார் 30 சதவீதம் எகிறியதற்கு பட்ஜெட் வெட்டுதான் காரணம் என்பது மட்டும் சரியில்லை. வெட்டாத ஊர்களிலும் எகிறியது.

மினியாபொலிஸ், ஆஸ்டின் எல்லாம் என்ன ஆயின? – தீபா

மினியாபொலிஸில் 2020 ஜூனில் நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்கள் பூங்கா மேடையில் ஏறி, துறையைக் கலைப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் மக்களிடம் விட்டபோது சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

டெக்சாஸின் ஆஸ்டினில் 15 கோடி டாலர் போலீஸ் பட்ஜெட் வெட்டு என்று தலைப்புச் செய்தி வந்தது. உடனே வெட்டியது அதில் ஏழில் ஒரு பங்குதான். தடயவியல், 911 போன்ற பிரிவுகளை வேறு தலைப்பின் கீழ் மாற்றியதும் அந்த 15 கோடியில் அடக்கம். இதே வித்தையை என் மேசையிலும் செய்யச் சொன்னார்கள். விரிதாளில் ஒரு வரியை வெட்டி இன்னொரு பக்கத்தில் ஒட்டினால் போதும், வாசலில் நிற்கும் ஆள் மாற மாட்டார். 2021இல் டெக்சாஸ் சட்டமன்றம், போலீஸ் பட்ஜெட்டைக் குறைக்கும் பெருநகரங்களைத் தண்டிக்கச் சட்டம் போட்டது. ஆஸ்டின் பழைய தொகைக்கும் மேலேயே போனது.

கேம்டனில் போலீஸைக் கலைத்தார்களே? – ஜான்

நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் 2013இல் நகரப் போலீஸைக் கலைத்துவிட்டு கவுன்டி (மாவட்டம் போன்றது) அளவில் புதிதாக அமைத்தார்கள். முன்பைவிட அதிக ஆட்களோடு. ஆகவே போலீஸைக் குறைக்கலாம் என்ற வாதத்துக்கு அது உதாரணம் ஆகாது.

தெருவிளக்கு, பூங்கா என்பதெல்லாம் பேச்சுக்கு அழகு. குற்றம் குறையுமா? – முரளி

குறைந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மேடாகக் கிடந்த காலி மனைகளைச் சுத்தப்படுத்திப் புல் போட்டார்கள். எந்த மனை என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் ஒப்பிட முடிந்தது. ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் இறங்கியது. சிகாகோவில் கோடை விடுமுறை வேலை கிடைத்த பள்ளி மாணவர்கள், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. இதற்கெல்லாம் போலீஸ் பணத்தில்தான் கை வைக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. எனக்கு அது கட்டாயமாகப் படவில்லை.

என் கணவர் ரோந்து அதிகாரி. மூன்று நாளாக ஓவர்டைம். "நான் போலீஸா, நர்ஸா, சமூக சேவகரா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். நீங்கள் அவருடைய சம்பளத்தில் கை வைக்கிறீர்களா அக்கா? – பெயர் வேண்டாம்

இல்லை தங்கச்சி. போலீஸ் பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும்தான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் முதலில் போவது புதிதாகச் சேர்ந்தவர்கள், மிச்சமிருப்பவர்களுக்கு ஓவர்டைம் இன்னும் ஏறும். நிரப்ப ஆள் கிடைக்காத பணியிடங்களின் தொகையிலிருந்து ஒரு வேன் வாங்குங்கள் என்பதுதான் நான் எழுதிக் கொடுத்த குறிப்பு. அது அப்படியே கோப்பில் தூங்கியது. உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வேனை அவரே வரவேற்பார்.

எங்கள் நகர மன்றக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச விடுவார்கள். என்ன கேட்கட்டும்? – அனிதா

சதவீதக் கணக்கில் இறங்காதீர்கள். போன ஆண்டின் 911 அழைப்புகளை வகைவாரியாக, மணிவாரியாகக் கேளுங்கள். அப்புறம் மாற்றுக் குழு எத்தனை மணி வரை வேலை செய்யும் என்று கேளுங்கள். டென்வர் வேனே தொடக்கத்தில் வார நாட்களில் காலை பத்து முதல் மாலை ஆறு வரைதான் ஓடியது. எனக்கு அந்தத் துணி துவைக்கும் கடையிலிருந்து அழைப்பு வந்தது இரவு ஒன்றரை மணிக்கு.