இலங்கைத் தமிழர் அகதி முகாமில் "குடியுரிமை கிடைச்சிருச்சு" என்று வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. மாலை வகுப்பு எடுக்கப் போகும் நான் மக்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? (ஆனையூர், மதுரை)

கிடைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வதந்திக்கு வேர் எது என்றால், 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் அதையொட்டி சிலருக்கு பாஸ்போர்ட், விசா விதியிலிருந்து விலக்குத் தந்த ஆணையும்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆணையை முழுசாக வாசித்துக் காட்டினால் யார் காதிலும் ஏறாது. மேலே தேதி போட்டு ஒரே தாளில், கொட்டை எழுத்தில் இப்படி எழுதுங்கள்:

"9.1.2015 வரை வந்து, பதிவும் செய்த இலங்கைத் தமிழருக்கு மட்டும். பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியிருப்பது குற்றமாகாது. இது குடியுரிமை அல்ல. இதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புதுச் சட்டம் வந்தால் பின்னாலேயே புரோக்கரும் வருவான். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி வழியாக வந்தவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் அவர்களும் நம்பிவிடுவார்கள்.

பிறந்த தேதி வேறு கணக்கு, அதற்குத் தனித் தாள். 1.7.1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உத்தரவிட்டது உயர் நீதிமன்றத்தின் நம்ம மதுரைக் கிளைதான். இந்த வயதுக்காரர்கள் முகாமில் இருந்தால் பிறப்புச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெயரின் எழுத்து முகாம் பதிவில் ஒரு மாதிரி, சான்றில் வேறு மாதிரி இருந்தால் அங்கேதான் விண்ணப்பம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர் என்றால் தாயோ தந்தையோ இந்தியக் குடிமகனா என்று கேளுங்கள். 3.12.2004-க்குப் பின் பிறந்த குழந்தை விஷயத்தில் மட்டும் நீங்களாக ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டாம். அது வக்கீல் பார்க்க வேண்டியது.

தாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். விதி மாறினால் பழையதைக் கிழித்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பழையதைத்தான் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். பிராட்காஸ்ட் நல்லது, ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே அது போகும். அதனால் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லி வீட்டு போனில் சேவ் பண்ண வையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு நிமிட வாய்ஸ் நோட் போதும்.

வக்கீல் தேவைப்படுபவருக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.