முதலாளி பக்கத்துச் சட்டத்தரணி

அன்புள்ள ஐயா,

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். சட்டக் கல்லூரி முடித்துச் சத்தியப்பிரமாணமும் செய்துவிட்டேன். தொழில் வழக்குகளில் முதலாளிமாருக்காக மட்டுமே ஆஜராகும் கொழும்பு மூத்த சட்டத்தரணி ஒருவர், தன்னிடம் ஜூனியராகச் சேரச் சொல்கிறார். வன்னிப் பக்க நிறுவனங்களை நான் பார்க்க வேண்டுமாம். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தைத்துத்தான் என்னைப் படிப்பித்தவர். நண்பர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். சனி ஞாயிறுகளில் தொழிலாளருக்கு இலவச ஆலோசனை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சேரலாமா? சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

கு.

அன்புள்ள தம்பி,

துரோகம் கிரோகம் என்ற பேச்சை விடும். கொலை செய்தவனுக்கே சட்டத்தரணி உண்டு, அரிசி ஆலைக்காரருக்கு இருக்கக்கூடாதா? வன்னியில் முதலாளி என்றால் எல்லாரும் கோடீஸ்வரர் இல்லை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்து, கடன்பட்டு, தகரக் கொட்டிலில் தொழில் தொடங்கியவர்கள் எத்தனை பேர்! வேலையாள் களவெடுத்தால்கூட, குற்றப்பத்திரம் கொடுத்து விசாரிக்க அவர்களுக்குத் தெரியாது. வாயாலேயே நிறுத்திவிட்டு, பிறகு வழக்கில் தோற்று நிற்பார்கள். அவர்களுக்கும் ஒரு நல்ல சட்டத்தரணி வேண்டும்தான்.

ஆனால் அந்தச் சனி ஞாயிறு யோசனை எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையை நிறுத்தக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை அவளுக்கே ஆலோசனை சொல்வீரா? வேலை நாளில் செய்வது சரியென்றால் பரிகாரம் எதற்கு? பிழையென்றால் அதை ஏன் செய்கிறீர்?

உம்முடைய கடிதம் வந்தபோது நான் சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பரந்தன் பக்கம் ஓர் ஆலையில் மூட்டை நிறுத்துக் கணக்கெழுதியவர். ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டார். சட்டப்படி சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் அதில் போட வேண்டும். கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்று பின்னேரம், நெல் காயும் முற்றத்தில் வைத்து, "நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார்கள். கடிதம் இல்லை.

வேலை நீக்கப்பட்டவர் முறையிடும் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். போனார். ஆலைச் சட்டத்தரணியின் பதிலில் முதல் வரியே, "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் வேலையை விட்டுப் போனார்" என்பது.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று உமக்குக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். நிறுத்தினோம் என்று ஒப்புக்கொண்டால், முதலாளிதான் முதலில் சாட்சியம் வைத்துக் காரணத்தை நிரூபிக்க வேண்டும். நிறுத்தவேயில்லை என்றால், சுமை தொழிலாளியின் தலையில் விழும். சித்தப்பாவிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பி மட்டும் இருந்தது. நாளும் மூட்டைக் கணக்கும் குண்டு குண்டான எழுத்தில், கடைசி நாள் வரைக்கும். ஆலைச் சட்டத்தரணி அதை வாங்கி, பெருவிரலால் தாள்களை விசிறிப் பார்த்துவிட்டு, "இதில் முதலாளியின் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். வழக்கு இழுபட்டது. கடைசியில் சித்தப்பா ஒரு சின்னத் தொகைக்குச் சம்மதித்தார்.

அந்தச் சட்டத்தரணி முதலாளிக்காக வாதாடியதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த வரியை எழுதியதில்தான். ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்று சொல்ல, வராமல் நின்றது மட்டும் போதாது. இனி வருவதில்லை என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆள் உண்மையிலேயே சொல்லாமல் நின்றுவிட்டால், நேர்மையான முதலாளி என்ன செய்வார்? வேலைக்கு வரச்சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் போடுவார். ஆகவே கட்சிக்காரர் முதல்நாள் வந்து கதிரையில் இருந்ததுமே கேளும்: "கடிதம் போட்டீங்களா?" அவர் தலையைச் சொறிந்தால் உமக்கு விஷயம் விளங்கிவிடும். விளங்கிய பிறகும் "தானாகப் போனார்" என்று எழுதினால், அது வாதம் இல்லை தம்பி, பொய். அந்த இடத்தில், "ஐயா, ஆளைத் திருப்பி எடுங்கோ, இல்லாட்டி நட்டஈட்டைப் பேசி முடியுங்கோ" என்று சொல்பவரும் முதலாளியின் சட்டத்தரணிதான். முதலாளியின் காசை மிச்சம் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

இன்னொன்று. 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 15 பேர் என்று ஒரு கோடு கீறியிருக்கின்றன; அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்தை அவை கட்டுப்படுத்தா. 14 பேரை மட்டும் இடாப்பில் வைத்துக்கொண்டு மிச்சப் பேரை மச்சான் பெயரில் காட்டச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வித்தையை நீர் பழக வேண்டாம்.

சேர்வதா இல்லையா என்பதை அந்த மூத்தவரைப் பார்த்துவிட்டு முடிவெடும். கடைசியாக எந்த முதலாளியிடம் "இந்த வழக்கை நான் நடத்தமாட்டேன்" என்று சொன்னார் என்று கேளும். யோசித்தாவது ஒரு பதில் சொன்னால் சேரும். சிரித்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வாரும், அம்மாவோடு இருந்து வேறு இடம் தேடலாம். சம்பளம் பற்றி எனக்கென்ன தெரியும், அவரிடமே கேளும்.