மண் கேள்வி–பதில்: மேட்டு நிலமும் வடியும் தண்ணீரும்

புவியியல் தேர்வுக்குப் படிக்கிறேன். 'நல்ல வடிகால் உள்ள மேட்டுப் பிரெய்ரி மண்' என்று பாடத்தில் வருகிறது. அதன் இயல்புகள் என்ன? கறுப்பு மண் என்கிறார்களே, நம் கரிசலும் அதுவும் ஒன்றா?
– மாணவி, தண்டையார்பேட்டை

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் பரந்த புல்வெளி. அதன் மண்ணும் நம் கரிசலும் ஒன்றல்ல. கறுப்பு நிறம் ஒன்றுதான் பொது. அந்தக் கறுப்பு வந்த வழியே வேறு.

அமெரிக்காவின் அயோவா, இலினாய் மாநிலங்களில் பரவலாக உள்ள 'டாமா' மண்ணை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். பனியாறுகள் உருகிய காலத்தில் ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று அள்ளி வந்து மேட்டில் கொட்டிய மென்வண்டல்தான் அதன் மூலப்பொருள். லோயஸ் என்பார்கள். கல் இருக்காது, மணலும் மிகக் குறைவு. அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆளுயரப் புல் வளர்ந்தது. புல்லின் வேர் 2 மீட்டருக்கும் கீழே இறங்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வேரில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே செத்து மக்கும். காட்டில் இலை மேலே விழுந்து மக்குகிறது. பிரெய்ரியில் மக்குவது மண்ணுக்குள். கறுப்பு அவ்வளவு ஆழம் இறங்கியதற்குக் காரணம் இதுதான். நீண்ட குளிர்காலம் மக்கலைத் தாமதப்படுத்தியதால் சேர்ந்த மட்கு தங்கியும் விட்டது.

மண் வெட்டுமுகத்தை மேலிருந்து கீழே இப்படி எழுதலாம். முதல் 30, 40 செ.மீ. ஏறக்குறைய கறுப்பு. கையில் எடுத்தால் கேழ்வரகு போலச் சிறு உருண்டைகளாகப் பொலபொலவென்று உதிரும். அதன் கீழே பழுப்பு, பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு. மேலிருந்து இறங்கிய களி இங்கே சற்றுக் கூடுதலாக இருக்கும். இன்னும் கீழே போனால் மூல லோயஸ். மண் வகைப்பாட்டில் இது மாலிசால். பொதுவாக 25 செ.மீ.க்குக் குறையாத கருமையான மேல்மண், 0.6 சதவீதத்துக்குக் குறையாத அங்ககக் கரிமம், கால்சியம் போன்ற காரச் சத்துகளின் நிறைவு 50 சதவீதமோ அதற்கு மேலோ என்ற வரையறைகள் மதிப்பெண் தரும்.

'நல்ல வடிகால்' என்ற சொல்லுக்குச் சாட்சி மேல்மண்ணில் கிடைக்காது, அடிமண்ணின் நிறத்தில்தான் கிடைக்கும். காற்று புழங்கும் மண்ணில் இரும்பு துருவாகத் துகள்களின்மேல் படிந்திருப்பதால் சீரான பழுப்பு நிறம். தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினால் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் அந்தத் துருவைப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரைந்து நகர்கிறது, மண் சாம்பல் நிறமாகிறது. டாமா மேட்டின் அடிமண் பழுப்பு. அதே இலினாயின் தாழ்வான சமவெளியில் உள்ள 'டிரம்மர்' மண்ணில் மேல்மண் கறுப்பு, அடிமண் சாம்பல். அங்கே பூமிக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீரை இறக்கிய பிறகே மக்காச்சோளம் வந்தது. மேல்மண் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து வடிகாலைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

தண்ணீர் வடிந்துவிடுகிறது என்றால் வறண்ட மண் என்று பொருளல்ல. மிகுதி நீர் இறங்கிய பிறகும் ஒரு மீட்டர் ஆழ மென்வண்டல் ஏறக்குறைய 20 செ.மீ. மழைக்குச் சமமான நீரைப் பயிருக்கென்று பிடித்து வைத்திருக்கும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதம்கூட இருக்காது. மிகுந்த களியோடு நுணுக்கமாகப் பிணைந்த சிறிதளவு மட்கே அதைக் கறுப்பாகக் காட்டுகிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பிரெய்ரி மேட்டு மண் அப்படி வெடிக்காது.

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம். மேல்மண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் பப்பாளியும் முருங்கையும் அழுகிச் சாகின்றன. மணல் கலந்தால் சரியாகுமா?
– வாசகர், மணலி புதுநகர்

மணலை வாங்கிவிடாதீர்கள். களியில் கால் பங்கு, அரைப் பங்கு மணலைக் கலந்தால் மணல் துகள்களின் இடுக்கையெல்லாம் களி அடைத்துக்கொண்டு செங்கல் போல இறுகிவிடும்.

முதலில் குழி தோண்டிப் பாருங்கள். 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் போதும். மண்வெட்டி வழித்த சுவர் பொய் சொல்லும், ஏனென்றால் மண்வெட்டியின் தகடு களியை இழுத்துப் பூசிவிடும். ஒரு பக்கத்தைக் கத்தி முனையால் நெம்பிப் பெயர்த்து, உடைந்த முகத்தை வெயிலில் பாருங்கள். சாம்பல் களிக்குள் பழைய வேர் ஓடிய துளைகளைச் சுற்றி மட்டும் பென்சில் தடிமனில் துருச் சிவப்பு வளையம் தெரிந்தால், வேர்த் துளை வழியாக மட்டுமே அங்கே காற்று போயிருக்கிறது. முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வந்தால், அங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்தச் சாம்பல் எத்தனை செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறதோ, மழைக்காலத்தில் உங்கள் மரத்தின் வேருக்கு அதுதான் எல்லை.

அடுத்து நீர் இறங்கும் வேகம். 30 செ.மீ. ஆழக் குழியை நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். காய்ந்த களியின் வெடிப்புகள் முதல் குடத்தை அப்படியே விழுங்கிவிடும், அதை நம்பி ஏமாறக் கூடாது. காலையில் மறுபடி நிரப்பி, குறுக்கே ஒரு குச்சி வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை நல்லது. 2.5க்குக் கீழே என்றால் அழுகல் வரும். 10க்கு மேல் என்றால் தண்ணீரும் உரமும் தங்காது.

பப்பாளி வேர் இரண்டு நாள் தேக்கத்தையே தாங்காது. அதனால் களியை மாற்றப் போராடாமல், மரத்தை மேட்டில் ஏற்றுங்கள். 45 செ.மீ. உயரம், ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம். கொட்டும் முன் அடிக்களியைக் கடப்பாரையால் கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மண்ணும் சேரும் இடத்திலேயே தண்ணீர் நிற்கும். வீடு கட்டியபோது புதைத்த சிமெண்ட் இடிபாடு கிடைத்தால் முழுவதும் வெளியேற்றுங்கள். அது தண்ணீரையும் மறிக்கும், மண்ணைக் காரமாகவும் மாற்றும். நம் வெயிலில் தொழுவுரம் வேகமாகக் கரைந்துபோகும். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை மேலே இரண்டு அங்குலம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் மண் சுத்தக் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் கண்முன் மறைகிறது. ஆனாலும் மழைக்காலத்தில் செடி வேர் அழுகுகிறது. எப்படி?
– வாசகி, திருவொற்றியூர்

மணல் தண்ணீரைச் சீக்கிரம் விடும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் இறங்கிப் போக இடம் வேண்டுமே! கடலோரத் தாழ்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வேரைத் தொட்டுவிடுகிறது. 'மேட்டு நிலம்' என்ற சொல்லுக்கு மண் பாடத்தில் அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஒன்றரை மீட்டர் நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, துணி சுற்றி, ஒரு மீட்டர் ஆழம் இறக்குங்கள். மேல்வாயை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த குச்சியை விட்டு, தரையிலிருந்து எத்தனை செ.மீ. கீழே ஈரம் தொடங்குகிறது என்று குறித்து வாருங்கள். நீர்மட்டம் 50 செ.மீ.க்கு மேலே வரும் மாதங்களில் கத்தரி, மிளகாயைத் தரையில் வைக்காதீர்கள், தொட்டிக்கு மாற்றுங்கள். வளர்ந்த தென்னை இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம்.

மாடித் தொட்டியில் வடிகாலுக்காக அடியில் ஜல்லி போடலாமா?
– வாசகர், பெரம்பூர்

வேண்டாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் சொட்டச் சொட்ட நிறைந்த பிறகுதான் இறங்கும். ஜல்லி எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு ஈரத் தேக்கம் வேரை நோக்கி மேலே ஏறுகிறது. துளையை ஓர் ஓட்டுத் துண்டாலோ கொசுவலைத் துண்டாலோ மறைத்து, அடியிலிருந்தே மண் கலவையை நிரப்புங்கள். தொட்டியைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.