கோத்தகிரியில் கோச்சி

அன்புள்ள ஐயா,

குன்னூர் பங்களா ஒன்றில் தங்கும் பெண், தினமும் காலையில் தன் டைரியில் தன் கையெழுத்திலேயே, தனக்கு நினைவில்லாத ஒரு பக்கத்தைப் பார்க்கிறாள். இப்படித் தொடங்கும் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் ஒன்றை ஒரே இரவில் படித்து முடித்தேன். கடைசியில் ஒரு டாக்டர் வந்து, அவளுக்கு மறதி நோய், கொலை செய்ததே அவள்தான் என்று விளக்கிவிடுகிறார். நல்ல முடிச்சு இருந்தும் ஏன் இப்படிச் சப்பென்று முடிக்கிறார்கள்? இந்த வகையில் வேறு எதைப் படிக்கலாம்?

ச., ஊட்டி

அன்புள்ள ச.,

ஒரு புத்தகம் கசந்தால் இரண்டு நாள் அந்தக் கசப்போடு இருங்கள். உடனே அடுத்ததற்குப் பட்டியல் கேட்கிறீர்கள். ஒரே இரவில் படித்ததை வேறு பெருமையாக எழுதுகிறீர்கள்! அந்த நாவலை நான் படித்ததில்லை, இனிப் படிக்கவும் போவதில்லை. ஆனால் டைரி முடிச்சு என்னை இரண்டு நாளாக விடவில்லை.

அந்த டாக்டருக்கு மறதி என்றால் அழிந்துபோன கேசட். மனம் அப்படிக் காலியிடம் விட்டுவைக்காது. 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் குழுவில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

என் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து இங்கும் கொழுந்துதான் பறித்தார். வயதான பிறகு வந்ததை நாங்கள் மறதி என்றோம். அவரோ ஒருநாளும் 'ஞாபகமில்லை' என்று சொன்னதில்லை. வெயிலடித்தால் ஓரளவு சரியாக இருப்பார். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்குள் தேயிலைத் தூரும் சில்வர் ஓக்கும்தான் தெரியும். ஹட்டனிலும் அதே தேயிலை, அதே பனி. முக்காடு போட்டுக்கொண்டு, "கோச்சி வந்துரும், கெளம்பு" என்பார். ரயிலுக்கு அவர்கள் பக்கத்துப் பேச்சு அது. கோத்தகிரிக்கு ரயிலே கிடையாது. முந்தின நாள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) அக்கா வந்து எத்தனை சுண்டு (அங்கத்து அளவு) அரிசி கடன் வாங்கினாள் என்பது உட்படச் சொல்வார்.

"பாட்டி, இது கோத்தகிரி" என்று திருத்துவேன். அவர் கண்ணில் பயம் வரும். ஊரையே மாற்றிச் சொல்லும் இந்தப் பையன் யார், எதற்கு இப்படிச் செய்கிறான்?

உங்கள் நாவலாசிரியர் தவறவிட்டது இதைத்தான். அந்தப் பெண் டைரியைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கவே கூடாது. "ஆமாம், நான்தான் எழுதினேன், எழுதும்போது டீ ஆறிப்போச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். நாமும் அவளை நம்பியிருக்க வேண்டும். பனியைக் கொலைகாரன் ஒளியும் திரைச்சீலையாகத் தொங்கவிடுவதற்கு மலைக்கு வர வேண்டியதில்லை, சினிமா செட் போதும்.

ஒரு மார்கழி மாதம் திருத்துவதை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பாட்டியோடு ரோட்டு வளைவு வரை போனேன். அரை மணி நேரம் நின்றோம். எனக்கே லேசாகக் காது கொடுக்கத் தோன்றியது. "இன்னிக்கு லேட்டு போல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.